பத்துப் பொருத்தம் போதாது

கிடைத்ததையெல்லாம் ஒட்டவைத்து மலை சைக்கிளை உருவாக்கிய ஊர் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ். அதே ஊரில் இன்று ஒரு சைக்கிளைச் சொந்தமாகக் கோர்க்க நினைப்பவர் ஜாதகம் பார்ப்பதுபோலப் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் ஃபேர்ஃபாக்ஸ் வருகிறது. மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். ஒரு கடைவீதி, சில காபிக்கடைகள், அவற்றின் வாசலில் சேறு காய்ந்த சைக்கிள்கள். ஊருக்குத் தெற்கே டமால்பைஸ் மலை. பெயரைக் கேட்டதும் தமிழர் காது கொஞ்சம் நிமிரலாம், உறவு ஏதுமில்லை. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கடலோர மிவோக் மக்களின் மொழியில் அதற்கு 'மேற்கு மலை' என்று பொருள் சொல்கிறார்கள். உயரம் 784 மீட்டர்தான். நீலகிரிக்காரர்கள் இதைக் குன்று என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

ஆனால் உலகில் இன்று மலைச்சரிவுகளில் பாயும் சைக்கிள்கள் அத்தனைக்கும் குலதெய்வம் இந்தக் குன்றுதான். அதற்கு ஊர் நடுவே ஒரு கோயிலும் உண்டு: 2015இல் திறக்கப்பட்ட மாரின் சைக்கிள் அருங்காட்சியகம். 1988இல் கொலராடோவின் கிரெஸ்டட் பட் என்ற ஊரில் தொடங்கிய மலை சைக்கிள் புகழ்மன்றம் பிற்பாடு இடம்பெயர்ந்து இதே கட்டடத்துக்குள் வந்துவிட்டது. பெரிய முன்சக்கரம் வைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைக்கிளிலிருந்து இன்றைய ரகங்கள்வரை இங்கே வரிசையாக நிற்கின்றன. பார்வையாளர்களை அதிக நேரம் நிறுத்திவைப்பவை மட்டும் பார்க்கவே சகிக்காதவை: துருவும் கிரீசும் ஏறிய, குண்டு டயர் போட்ட, எங்கெங்கோ எடுத்த பாகங்களால் ஆன பழைய வண்டிகள். அவற்றின் செல்லப்பெயர் 'கிளங்கர்'. ஓடும்போது அவை போடும் சத்தம்தான் அந்தப் பெயர்.

கிரீஸ் ஆவியான பாதை

1970களில் மாரின் மாவட்டத்தில் சாலைச் சைக்கிள் பந்தயக்காரர்கள் சிலர் இருந்தார்கள். நீளமுடி, ராக் இசை, கையில் காசு குறைவு. அவர்களில் சார்லி கெல்லி ஒரு இசைக்குழுவின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். கேரி ஃபிஷர் அவருடைய அறைத்தோழர். ஜோ பிரீஸ் சைக்கிள் பிரேம்களைச் சொந்தக் கையால் கட்டப் பழகியவர். சாலையில் ஓட்டி அலுத்தபோது இவர்கள் மலைக்குப் போனார்கள். காட்டுத்தீயை அணைக்கும் வண்டிகள் போவதற்காக வெட்டப்பட்ட மண்சாலைகள் அங்கே இருந்தன. மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் அதில் தாங்காது. எனவே பழைய இரும்புக் கடைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் கிடந்த 1930களின், 40களின் ஷ்வின் சைக்கிள்களைச் சில டாலருக்கு வாங்கினார்கள்.

அந்த ஷ்வின்கள் பத்திரிகை போடும் பையன்களுக்காகச் செய்யப்பட்டவை. 1933இல் ஷ்வின் நிறுவனம் அமெரிக்கச் சைக்கிளுக்குக் கொண்டுவந்த 26 அங்குல, 2.125 அங்குலப் பருமனுள்ள 'பலூன்' டயர் அவற்றில் இருந்தது. எடை இருபது கிலோவுக்கு மேல். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். ஃபேர்ஃபாக்சுக்கு மேலே சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு, 1,300 அடி செங்குத்தாக இறங்கும் ஒரு மண்பாதையில் இந்தப் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் என்ன ஆகும்? ஹப் கொதிக்கும், உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகிப் போகும். கீழே வந்ததும் ஹப்பைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அப்படி 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளிலேயே பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

1976 அக்டோபர் 21ஆம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. யார் வேகமானவர் என்ற வாய்ச்சண்டையைத் தீர்ப்பதுதான் நோக்கம். கெல்லி நேரத்தைக் குறித்தார். வெண்டி கிராக் என்ற பெண் உடன் ஓட்டினார், படமும் எடுத்தார். அந்த நாட்களின் முகம் இன்று தெரிகிறதென்றால் பெரிதும் அவருடைய கேமராவால்தான். 1984வரை விட்டுவிட்டு நடந்த இந்தப் பந்தயங்களில் ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடிதான் சாதனை. பிரீஸ் அவரைவிட இரண்டு விநாடி பின்தங்கினார்.

ஓட்டத்தைவிட முக்கியமானது கொட்டகையில் நடந்த வேலை. ஹப் பிரேக் வேகவே, இரட்டையர் ஓட்டும் டாண்டம் சைக்கிளின் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதை இழுக்கச் சைக்கிள் லீவர் போதவில்லை. மோட்டார் சைக்கிள் லீவர் வந்தது. ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை. நெடும்பயணச் சைக்கிளின் கியர் வந்தது. 1977இல் பிரீஸ், பழைய ஷ்வினை நம்பியது போதும் என்று, குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் இந்த வேலைக்கென்றே புதிய பிரேம் ஒன்றைக் கட்டினார். அந்த முதல் பிரீசர் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, டாம் ரிச்சி கட்டிய பிரேம்களில் பாகங்களைக் கோர்த்து விற்றார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்த 'ஸ்டம்ப்ஜம்பர்' கடைகளுக்கு வந்தது. அதற்குப் பிறகு இது ஒரு மலையின் விளையாட்டாக இருக்கவில்லை.

இத்தனையும் சாத்தியமானதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. பொருந்தாததை அரத்தால் ராவியும் வெல்டு வைத்தும் பொருத்த முடிந்தது. இந்திய வாசகருக்கு இது புதிதல்ல. எந்தக் கிராமத்து முச்சந்தியிலும் மரத்தடிச் சைக்கிள் கடைக்காரர் ஹீரோவின் பெடலை அட்லஸில் மாட்டுவார். அட்லஸின் செயினை வேறொன்றுக்குப் போடுவார். 'இது எந்த வருஷத்து வண்டி?' என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. 28 அங்குலச் சக்கரம், அதே பிரீவீல், அதே கோன் கப், அதே பால்ரஸ். தாத்தா ஓட்டிய வண்டிக்குப் பேரன் உதிரிபாகம் வாங்க முடியும்.

பிரேம் வந்தது, பிரேக் வரவில்லை

ஃபேர்ஃபாக்சின் சைக்கிளுக்கு அந்த நிம்மதி நீடிக்கவில்லை. காரணம், கல்லிலும் வேரிலும் ஓட்டியவர்களின் கையும் முதுகும். 1989இல் பால் டர்னர், மோட்டார் சைக்கிளின் முன்போர்க்கைப்போலச் சுருங்கி நீளும் போர்க்கைச் சைக்கிளுக்கெனச் செய்ய 'ராக்ஷாக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலக மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் நெட் ஓவரெண்ட் அந்தப் போர்க்குடன் ஓட்டி வென்றார். அதுவரை சிரித்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

முன்னால் குஷன் வந்தால் பின்னாலும் வேண்டும் அல்லவா? அதற்கான விடைகளில் ஒன்று இதே மாரின் மாவட்டத்தில் பிறந்தது. 1969இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சாம்பியனான மெர்ட் லாவில், ஃபிஷரின் நிறுவனத்துக்காக ஒரு பிரேமை வடிவமைத்தார். 1990களின் தொடக்கத்தில் 'ஆர்எஸ்-1' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. நான்கு தண்டுகளும் அவற்றின் கீல்களும் சேர்ந்து பின்சக்கரத்தை ஏந்தின. பிரேக் பிடித்தாலும் மிதித்தாலும் பின்பக்கம் தேவையில்லாமல் ஆடாமல் இருக்க அது வழி காட்டியது.

தோற்றது பிரேமால் அல்ல. அந்தக் காலத்துப் பிரேக் ரிம்மைக் கவ்வும். பிரேக்கைத் தாங்கும் தண்டு ரிம்மோடு ஒரே நிலையில் இருக்க வேண்டும். லாவிலின் வடிவத்திலோ சக்கரம் மேலும் கீழும் போகும்போது தண்டு அதோடு ஒட்டிப் போகாது. டிஸ்க் பிரேக்தான் ஒரே வழி. எடை குறைந்த, நம்பத் தகுந்த டிஸ்க் பிரேக் வருவதற்கு 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. தனக்கேற்ற பிரேக் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட பிரேம் அது. எது வேண்டுமானாலும் எதிலும் சேரும் என்றிருந்த ஊரில், ஒரு பாகம் சேராததால் நல்ல யோசனை ஒன்று முடங்கியது.

தெற்கே லகுனா பீச்சில் ஹார்ஸ்ட் லைட்னர் என்ற ஆஸ்திரியர் இன்னொரு வழி கண்டார். பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், கீழ்த்தண்டில் ஒரு கீல். 1998இல் அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு வாங்கியது. அதன்பிறகு அமெரிக்காவில் மற்ற பல நிறுவனங்கள் அதே கீலைச் சில சென்டிமீட்டர் தள்ளி, அச்சுக்கு மேலே வைத்தன. காப்புரிமை 2010களில் காலாவதியான பிறகு கீல் பல நிறுவனங்களின் பிரேமில் மறுபடி கீழே இறங்கியது. ஒரு சைக்கிளின் எலும்பு எங்கே மடங்க வேண்டும் என்பதைப் பொறியாளரோடு வக்கீலும் சேர்ந்து முடிவு செய்த காலம் அது.

பழைய வண்டி, புது பிரேம்

இந்த ஊர்க்காரர் ஒருவரிடம் 2008ஆம் ஆண்டின் நல்ல மலை சைக்கிள் ஒன்று இருக்கிறது, பிரேம் விரிசல் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் ஓடும் நிலையில். இரு பக்கமும் குஷன் உள்ள புதிய பிரேம் மட்டும் வாங்கி, பழைய பாகங்களை அதில் மாற்ற நினைக்கிறார். ஃபிஷரும் பிரீசும் செய்ததும் இதுதானே? வாரக்கடைசியில் கொட்டகையில் ஸ்டாண்டில் பிரேமை மாட்டிவிட்டு, ஸ்கேலும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்.

முதலில் சக்கரம். அவரிடம் இருப்பது 26 அங்குலம்: ஷ்வின் பலூன் டயரிலிருந்து வாரிசாக வந்த அளவு. புது பிரேம் 29 அங்குலத்துக்குச் செய்யப்பட்டது. 29க்காக முதலில் வாதாடி விற்றவர்களில் ஒருவர் கேரி ஃபிஷரே. 2000களின் தொடக்கத்தில் அவர் பெயரிலான நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிய சக்கரம் கல்லின்மேல் எளிதாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு அளவுக்கும் இடையே 27.5 என்ற மூன்றாவதும் வந்து, எண்பது ஆண்டு ஆண்ட 26 அங்குலம் சில வருடங்களில் புதிய வண்டிகளிலிருந்து மறைந்தது. ரிம், டயர், ட்யூப் மூன்றும் போயிற்று.

ஹப்பாவது மிஞ்சுமா? பழைய பின்ஹப்பின் அகலம் 135 மி.மீ. அதன் பிறகு 142 வந்தது. பிறகு 'பூஸ்ட்' என்ற பெயரில் 148. புது பிரேமில் இருப்பது அது. முன்ஹப் 100லிருந்து 110க்குப் போயிருக்கிறது. மெல்லிய கம்பிக்குப் பதில் 15 மி.மீ. பருமனான அச்சு. பெரிய சக்கரத்தின் ஸ்போக்ஸ் அகலமாகக் கால் ஊன்றினால் சக்கரம் வளையாது என்பது இதற்கான நியாயம். அந்த நியாயம் பொய்யல்ல. ஆனால் ஆறு மில்லிமீட்டருக்காக ஹப்பும் போயிற்று.

போர்க்கின் மேல்தண்டு பழையதில் மேலிருந்து கீழ்வரை ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. புது பிரேமின் தலைக்குழாய் கீழே ஒன்றரை அங்குலத்துக்கு விரிகிறது. குறைக்கும் வளையம் போட்டுப் பழைய போர்க்கை நுழைக்கலாம். ஆனால் அது 26 அங்குலச் சக்கரத்துக்கானது. சீட் தண்டின் விட்டம் வேறு. 9 பல்சக்கர கேசட்டும் மூன்று முன்சக்கரமும் இருந்த இடத்தில் இப்போது முன்னால் ஒன்று, பின்னால் பன்னிரண்டு. அதிலும் மிகச் சிறிய பல்சக்கரம் பழைய பிரீஹப் உடலில் உட்காராது. அதற்கு ஸ்ராம் ஒரு வடிவம் வைத்திருக்கிறது, ஷிமானோ இன்னொன்று. ஒருவரின் ஷிப்டர் மற்றவரின் கியரை இழுக்கும் அளவு வேறு.

மாலைக்குள் கணக்கு முடிகிறது. தேறியவை: ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், சீட், கிரிப். இணைப்புத் துண்டை மாற்றினால் ஹைட்ராலிக் பிரேக் தேறும். அதற்கு ஊற்றும் எண்ணெயில் மட்டும் கவனம் வேண்டும்: மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும். பெடல் கண்டிப்பாகத் தேறும். அதன் மரை தலைமுறைகளாக மாறவில்லை. இடது பெடலுக்கு இடதுபுறம் திரும்பும் மரை என்பதுவரை நம்மூர்ச் சைக்கிளில் உள்ள அதே பழக்கம்.

நான்கு மில்லிமீட்டரும் ஐந்து மில்லிமீட்டரும்

இத்தனை நேரம் பார்த்தது சாதாரணப் பொருத்தம். குஷன் உள்ள பிரேமின் நாடி வேறிடத்தில் இருக்கிறது: நடுவில் உட்காரும் ஷாக் அப்சார்பர். காற்றோ ஸ்பிரிங்கோ உள்ள அந்தச் சிறு குழலுக்கு இரண்டு எண்கள் முக்கியம். ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரை உள்ள நீளம் ஒன்று. அது எவ்வளவு சுருங்கும் என்பது மற்றொன்று. 210 x 55 என்று எழுதியிருந்தால் 210 மி.மீ. நீளம், 55 மி.மீ. சுருக்கம்.

பின்சக்கரம் 140 மி.மீ. மேலே போகும் பிரேம் ஒன்றை எடுத்துக்கொண்டால், 140ஐ 55ஆல் வகுக்க வருவது சுமார் 2.5. சக்கரம் இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஷாக் ஒரு மில்லிமீட்டர் சுருங்குகிறது. நெம்புகோல் கணக்கு. ஏற்றக்கோலை மிதித்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதே பிரேமில் 50 மி.மீ. சுருங்கும் ஷாக்கைப் போட்டால் பின்சக்கரத்தின் பயணம் சுமார் 127 மி.மீட்டராகக் குறையும், வண்டி கொஞ்சம் விறைப்பாகும், ஆபத்தில்லை. மாறாக, 'கொஞ்சம் அதிகம் இருந்தால் நல்லதுதானே' என்று அதிகம் சுருங்கும் ஷாக்கைப் போட்டால்? ஒரு பெரிய குதிப்பின் அடியில், ஷாக் முழுதும் சுருங்குவதற்கு முன்பே பின்டயர் சீட் குழாயில் மோதும், அல்லது கீல்தண்டு பிரேமில் இடிக்கும். ஓட்டுபவரின் எடை முழுவதும் அந்த இடிக்குப் பின்னால் இருக்கும். அலுமினியத்திலோ கார்பனிலோ விழும் விரிசல் அடுத்த இறக்கம்வரை சொல்லாமல் காத்திருக்கலாம்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் எந்தப் புது ஷாக்கையும் மாட்டியதும் காற்றை முழுதும் இறக்கிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மேலே தூக்கிப் பார்க்கிறார்கள். டயருக்கும் சீட் குழாய்க்கும் இடையே விரல் நுழைகிறதா? கேபிள் எங்காவது நசுங்குகிறதா? ஐந்து நிமிட வேலை. பிரேமின் விலை சில ஆயிரம் டாலர்.

ஷாக்கிலும் வம்சங்கள் உண்டு. முன்பு அங்குலக் கணக்கில் 200 x 57, 216 x 63 என்று வந்தன. 2016இல் 'மெட்ரிக்' அளவுகள் வந்தன. அதோடு, மேல்கண்ணுக்குப் பதிலாக இரு பக்கமும் போல்ட் ஏறும் 'டிரனியன்' வகையும் பரவியது. 190 மி.மீ. இருக்கும் இடத்தில் 185 மி.மீ. ஷாக்கை வைக்க வழியில்லை. கண்ணுக்குள் போகும் புஷ்ஷின் அகலம்கூட பிரேமுக்குப் பிரேம் வேறு. பழைய ஷாக் நல்ல நிலையில் இருந்தும் அலமாரிக்குப் போகிறது.

முன்போர்க்கின் பயணமும் தன்னிச்சையாகக் கூட்டக்கூடியதல்ல. 140க்குச் செய்த பிரேமில் 160 மி.மீ. போர்க்கைப் போட்டால் வண்டியின் தலை ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். இறக்கத்தில் தைரியம் கூடும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். தலைக்குழாயின்மேல் விழும் நெம்புவிசையும் கூடும். உற்பத்தியாளர் குறித்த எல்லையைத் தாண்டினால் உத்தரவாதமும் போகும்.

கோர்க்கும் வரிசைக்கும் ஒரு முறை உண்டு. கீல்களில் பேரிங்கை நேராக அழுத்த வேண்டும். கோணலாக ஏறிய பேரிங் ஒரு மழைக்காலம் தாங்காது. கீல் போல்ட்டுகளில் மரையைப் பூட்டும் பசை ஒரு சொட்டு. டார்க் ஸ்பேனரில் பிரேமிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மேல் ஒரு திருப்பும் கூடாது. 'நல்லா இறுக்கிட்டேன்' என்ற மரத்தடிக் கடைப் பெருமை கார்பன் பிரேமில் செல்லாது.

செயினில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். குஷன் அமுங்கும்போது பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலான பிரேம்களில் நீள்கிறது. வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது அளந்து வெட்டிய செயின், முதல் பெரிய பள்ளத்தில் விண்ணென்று இழுத்துக் கியரைப் பிய்த்துவிடும். காற்றை இறக்கி, பின்பக்கத்தை முழுதும் அமுக்கிய நிலையில்தான் செயினை அளக்க வேண்டும். பின்பிரேக் குழாய்க்கும் அதே விதி: கீலைக் கடக்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வு.

கடைசியாகக் காற்று. ஓட்டும் உடையிலேயே வண்டியில் ஏறி அசையாமல் உட்கார்ந்தால், ஷாக் தன் சுருக்கத்தில் கால்பங்கிலிருந்து முப்பது சதவீதம்வரை அமுங்க வேண்டும். 55 மி.மீ. ஷாக்கில் சுமார் 14 முதல் 16.5 மி.மீ. குழல்மேல் இருக்கும் ரப்பர் வளையம் அளவைக் காட்டும். பல ஓட்டுநர்களுக்கு இதற்குக் கார் டயரைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் தேவைப்படும். பெட்ரோல் பங்க் காற்று உதவாது. தனி பம்பு வேண்டும்.

யாருக்காக மாறுகிறது அளவு?

இத்தனை அளவுகள் ஏன்? தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது: ஒவ்வொரு மாற்றமும் வண்டியைக் கொஞ்சம் உறுதியாக்கியது, கொஞ்சம் பாதுகாப்பாக்கியது. 1990களின் சைக்கிளையும் இன்றையதையும் ரீபேக்கில் அடுத்தடுத்து இறக்கினால் இதை மறுப்பது கடினம். ஓட்டுபவர்களிடம் இன்னொரு பதில் இருக்கிறது: அளவு மாறினால் பழையது குப்பை, புதியது விற்பனை. பேரிங்கைப் பிரேமுக்குள் அழுத்தி வைக்கும் புதிய பெடல்-அச்சு முறைகள் பல வந்து, கிறீச்சிட்டு, கடைசியில் பல நிறுவனங்கள் பழைய மரைபோட்ட முறைக்கே திரும்பின. முன்னேற்றம் என்று விற்கப்பட்டவை எல்லாம் முன்னேற்றமல்ல என்பதற்கு அது சாட்சி.

இடையில் நல்லெண்ணமும் தலைகாட்டுகிறது. பின்கியர் தொங்கும் சிறு அலுமினியத் துண்டு பிரேமுக்குப் பிரேம் வேறாக இருந்தது. வழியில் உடைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. 2019இல் ஸ்ராம் எல்லோருக்கும் பொதுவான ஒரு துண்டை முன்வைத்தது. போட்டி நிறுவனங்களும் ஏற்றன. 2023இல் அதே நிறுவனம், அந்தத் துண்டே தேவையில்லாமல், அது இருந்த இடத்திலேயே நேராகப் பிரேமில் ஏறும் புதிய கியரைக் கொண்டுவந்தது. பொதுவான இடம் இருந்த பிரேமில்தான் அது ஏறும். பொது வழி போட்டவரே அதில் முதல் சுங்கச்சாவடியும் வைத்தார் என்று சிலர் சொன்னார்கள். நல்ல கியர் என்று மற்றவர்கள் வாங்கினார்கள்.

மலைக்கும் தன் பங்குக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 1980களில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் புகார் செய்யவே, டமால்பைஸின் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. தீயணைப்பு மண்சாலைகளில் மணிக்கு 15 மைல் என்ற வேக வரம்பு. வனக்காவலர்கள் ராடார் துப்பாக்கியோடு புதரோரம் நின்றதும் உண்டு. மலை சைக்கிள் பிறந்த மலையில் மலை சைக்கிளுக்கு எவ்வளவு இடம் என்ற வழக்கு பல பத்தாண்டுகளாக ஊரைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒற்றையடிப் பாதை வேண்டுமென்பவர்கள் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு பக்கத்துச் சாரணர் முகாமான டமராஞ்சோவின் காட்டுக்குள் போகிறார்கள்.

நம் கொட்டகைக்காரரின் கதை என்ன ஆயிற்று? பழைய சக்கரங்களை, அதே அளவு தேடும் இன்னொருவருக்கு விற்கலாம். அப்படித் தேடுபவர்கள் இருக்கிறார்கள். மீதியை ஒவ்வொன்றாக, எண்ணைப் பார்த்து வாங்கலாம். முழு வண்டியாகக் கடையில் வாங்குவதைவிட இது மலிவு என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆனால் கோர்த்து முடித்தவருக்கு ஒன்று கிடைக்கிறது: எந்தக் கீலில் எந்தப் பேரிங் இருக்கிறது, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். மலை நடுவே வண்டி நின்றால் கைபேசியில் சிக்னல் தேட வேண்டியதில்லை. அரத்துக்குப் பதில் வெர்னியர், வெல்டுக்குப் பதில் அளவுப்பட்டியல் என்று கருவிதான் மாறியிருக்கிறது. கொட்டகை மிச்சமிருக்கிறது.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவருக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. புதிதாகக் கோர்த்த பிரேமில் போல்ட்டுகள் முதல் இறக்கத்தில் சற்றுத் தளரும். வண்டியைக் கழுவி, ஸ்டாண்டில் மாட்டி, ஒவ்வொரு கீலையும் மறுபடி டார்க் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கீல்களைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். ரீபேக்கின் அடியில் 1976இல் சூடு ஆறாத ஹப்பைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் செய்த அதே வேலைதான். இடைவெளி மட்டும் நீண்டிருக்கிறது.